கண்டீரவாவில் கடைசி நிமிடத்தில் எழுந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (பெண்கள் ஆசியக் கோப்பை பாஸ்கெட்பால், நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்)

ஓசூர் அப்பா

2017 ஜூலை, பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கம், இந்தியா - கஜகஸ்தான் ஃபைனல். 75-73. தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்த மேட்சுக்கு நான் போயிருந்தேன். ஆனால் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நான்காவது குவார்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மணியைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. சாந்திநகர் போய் ஓசூர் பஸ் பிடிக்க வேண்டும், மறுநாள் காலை ஷிப்ட். "அப்பா, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறிவிட்டேன்.

வெளியே வந்து ஆட்டோவுக்குக் கை காட்டும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். கத்தல் இல்லை, விசில் இல்லை, மொத்தமாகச் சுவரே மூச்சு விட்ட மாதிரி. யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள், எதுவும் தெரியாது. பாப்பா என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை. அந்தக் கை உருவிய விதம் எட்டு வருடமாக எனக்குள் இருக்கிறது.

சீனாவின் ஷென்சென்னில் 2025 ஜூலையில் நடந்த ஆசியக் கோப்பையை அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்காரத் தயக்கமாக இருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

பெரியமேடு 2009

அண்ணா, பெங்களூருக்கு எட்டு வருடம் முன்பே இந்தப் போட்டி சென்னைக்கு வந்தது. எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2009 செப்டம்பர், நேரு உள்விளையாட்டரங்கம். அப்போது பெயர் ஆசிய சாம்பியன்ஷிப். ஃபைனலில் சீனா கொரியாவை வென்றது. நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு, வாலண்டியர். என் வேலை மாப் பிடிப்பது. ரிங்குக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்போம். யாராவது விழுந்தால் ஓடிப் போய் வியர்வையைத் துடைத்துவிட்டு ஓடி வர வேண்டும். மரத்தரையில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கால் வழுக்கும்.

கொரியப் பெண் ஒருத்தி பந்துக்காகப் பாய்ந்து என் முன்னாலேயே விழுந்தாள். முழங்கை தரையில் மோதிய சத்தம் காதில் விழுந்தது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை, அப்படியே உறைந்துவிட்டேன். அவள் எழுந்து, தன் ஜெர்சியின் நுனியை இழுத்துக் குனிந்து, தான் விழுந்த இடத்தைத் தானே துடைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து லேசாகத் தலை குனிந்துவிட்டு டிஃபென்சுக்கு ஓடினாள். அவ்வளவுதான். நாலைந்து வினாடி இருக்கும்.

அதுவரை நான் விளையாட்டு என்றால் சர்டிஃபிகேட், ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பெயர் தெரியாது. முதுகில் இருந்த எண்ணைக்கூடக் கவனிக்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்தல்.

ஸ்கோர்ஷீட்

ஓசூர் அண்ணே, உங்கள் பதிவில் பிழை இல்லை, ஆனால் படிக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். இந்தியா அன்று வென்றது டிவிஷன் 'பி', அதாவது இரண்டாம் அடுக்குக் கோப்பை. "இந்தியா ஆசியக் கோப்பையை வென்றது" என்று அப்போதே வாட்ஸ்அப்பில் சுற்றினார்கள், இப்போதும் சுற்றுகிறார்கள். ஆசியக் கோப்பையை வென்றது ஜப்பான். ஆஸ்திரேலியா ஆசியப் போட்டிக்குள் வந்த முதல் வருடம் அது. அவர்களை ஒரே ஒரு புள்ளியில், 74-73 என்று தோற்கடித்தது. தொடர்ந்து மூன்றாவது பட்டம். நாம் வென்றது மேல் டிவிஷனில் ஆடும் தகுதி. அது சின்ன விஷயமில்லை. ஆனால் எது எதுவென்று சரியாகச் சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தத் தகுதியோடு 2019-இல் அதே கண்டீரவாவில் ஜப்பானோடு ஆடினோமே, அதை நான் நேரில் பார்த்தேன். ஸ்கோரை எழுத மனமில்லை. மேட்ச் எப்போதோ முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ஜப்பான் பெண்கள் முழுக் கோர்ட்டிலும் மறித்துக்கொண்டிருந்தார்கள். நம் பெண் ஒருத்தி பந்தைப் பாதிக் கோர்ட் தாண்டிக் கொண்டுவர விதிப்படி உள்ள எட்டு வினாடி போதாமல் பந்தை இழந்தாள். விசில் ஊதியதும் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஸ்கோர்போர்டைப் பார்த்தாள். என் பக்கத்து வரிசையில் சிரித்தார்கள். நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பெரியமேடு 2009

ஸ்கோர்ஷீட், டிவிஷன் கணக்கு எங்களுக்கும் தெரியும். அண்ணன் எங்கே ஆசியக் கோப்பை வென்றோம் என்று எழுதினார்? அவர் மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த 75-73 அணியில் ஆடியவர் நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை. 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர். குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து அந்தக் கோப்பையைத் தூக்கினார். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 'பி' டிவிஷனோ 'சி' டிவிஷனோ, அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

ஸ்கோர்ஷீட்

நான் குறைத்துப் பேசவே இல்லையே. கடைசிப் பத்தியைப் படித்தீர்களா?

ஹோம்புஷ் அம்மா

சிட்னியிலிருந்து எழுதுறன். சண்டை பிடிக்காதேங்கோ பிள்ளைகள்.

நான் யாழ்ப்பாணத்தில் வலைப்பந்து ஆடி வளர்ந்தவள். டிரிப்ளிங் இல்லாத ஆட்டம். பாஸ்கெட்பால் எனக்கு ஒட்டவே இல்லை. 2022-இல் உலகக் கோப்பை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒலிம்பிக் பார்க்கில் நடந்தது. மகளுக்காக டிக்கெட் எடுத்தோம். அக்டோபர் 1, ஆஸ்திரேலியா - கனடா, வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம்.

ஆஸ்திரேலிய அணியின் லோரன் ஜாக்சன் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். முழங்கால் காயத்தால் 2016-இல் ஓய்வு பெற்றவர். 41 வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகத் திரும்பி வந்தார். அன்று 30 புள்ளி. ஆஸ்திரேலியா 95-65 என்று வென்றது. அந்த நாட்டு அணிக்கு அவரது கடைசி ஆட்டம் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தோம், ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் திரும்பவும் ஆடினார்.

எனக்கு நினைவில் நிற்பது அவர் இல்லை. எனக்கு அடுத்த சீட்டில் எழுபது வயது இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா. ஆட்டம் முழுக்க ஒரு சொல்லும் பேசவில்லை. லோரன் கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் எழுந்து நின்று என் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் விரல்கள் எல்லாம் வளைந்து கோணலாக இருந்தன. பந்து பட்டுப் பட்டு உடைந்த விரல்கள். விளையாடினவளுக்கு அது பார்த்தவுடன் விளங்கும். என் வலது சுண்டுவிரலும் அப்படித்தான். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. அவர் என் விரலைப் பார்த்தார், நான் அவர் விரலைப் பார்த்தேன்.

வாத்தியார் (ஓய்வு)

எல்லோருக்கும் வணக்கம். 31 வருடம் பி.டி. ஆசிரியராக இருந்தேன். 2017-இல் பெங்களூரில் பயிற்சி நேரத்தில் பந்து ஒன்று வரிசையைத் தாண்டி என் மடிமேல் வந்து விழுந்தது. கையில் எடுத்ததும் தூக்கிவாரிப்போட்டது. அவ்வளவு லேசாக இருந்தது. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான்.

இப்போது பெற்றோர் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். சர்வதேச அளவில் பெண்கள் ஆடுவது ஆறாம் சைஸ் பந்து. எடை 510 முதல் 550 கிராம் வரை. ஆண்கள் ஆடுவது ஏழாம் சைஸ், 580-இல் தொடங்கி 620 வரை. சுற்றளவிலும் சில சென்டிமீட்டர் வித்தியாசம். நம் பள்ளிகளில் ஸ்டோர் ரூமில் இருப்பது பெரும்பாலும் ஏழுதான், ஆண்பிள்ளைகளுக்கு வாங்கியது. பெண்பிள்ளைகள் அதிலேயே பழகுகிறார்கள். கை சின்னது, பந்து பெரியது. அதனால் தோளிலிருந்து தள்ளி எறியும் பழக்கம் வந்துவிடுகிறது, மணிக்கட்டு மடங்குவதில்லை. அப்புறம் மாநிலப் போட்டிக்குப் போகும்போது ஆறாம் சைஸ் பந்தைக் கையில் கொடுத்தால் எல்லா ஷாட்டும் ரிங்கைத் தாண்டிப் போகும். பிள்ளை அழும். நான் பார்த்திருக்கிறேன், என் பிள்ளைகளே அழுதிருக்கிறார்கள். அந்தத் தப்பை நானும் இருபது வருடம் செய்தேன்.

ரிங் உயரம் எல்லோருக்கும் ஒன்றுதான், 3.05 மீட்டர். அதைக் குறைக்கச் சொல்லவில்லை. பந்தையாவது சரியாகக் கொடுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் ஐந்தாம் சைஸ்.

இன்னொன்று, முழங்கால். ஹோம்புஷ் அம்மா சொன்ன காயம் யாருக்கு வேண்டுமானாலும் வரும், ஆனால் உள்ளே இருக்கும் குறுக்குத் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்கினால் உடனே திருத்துங்கள். ரீபவுண்டு (ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்து) எடுத்து இறங்கும்போது முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும், சத்தம் வராமல் இறங்க வேண்டும். பூனை இறங்குகிற மாதிரி என்று சொல்லிக் கொடுப்பேன். சிமெண்ட் கோர்ட்டில் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குதிக்க விடாதீர்கள். ஷூ தேய்ந்து வழவழப்பானால் மாற்றுங்கள், அடுத்த பொங்கல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மேலப்பாளையம் பாயிண்ட் கார்டு

சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் சில பிள்ளைகளுக்குப் பந்து கைக்கு வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

நான் ஆசியக் கோப்பை எதையும் நேரில் பார்த்ததில்லை. பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாவட்டப் போட்டி. என்னோடு ஆடிய தோழி தலையில் துணி கட்டியிருந்தாள். அதைக் கழற்றினால்தான் உள்ளே விடுவேன் என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார், விதிப்புத்தகத்தையும் காட்டினார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். இரண்டு ஷூவையும் ஜோடியாக, நேராக, பெஞ்சுக்குக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அவள் ஆடவே இல்லை.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணி இதே காரணத்துக்காக மங்கோலியாவோடு ஆடாமல் திரும்பியது. அந்தச் செய்தியைப் படித்தபோதும் அந்த ஷூ ஜோடிதான் கண்ணில் வந்தது. 2017-இல் சர்வதேச சம்மேளனம் விதியை மாற்றி அனுமதித்தது. உங்கள் கண்டீரவா போட்டி நடந்த அதே வருடம். எங்கள் மேட்சுக்கு மூன்று வருடம் பிந்திவிட்டது. அவளுக்கு அன்றே போன் செய்தேன். "அப்படியா, நல்லது" என்றாள். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியமேடு 2009

தங்கச்சி, அந்த ஷூவை நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன்.

ஓசூர் அப்பா

எல்லோருக்கும் நன்றி. ஸ்கோர்ஷீட் தம்பி, நீங்கள் சொன்ன டிவிஷன் விவரம் எனக்கு அன்று தெரியாது. உள்ளே உட்கார்ந்திருந்தபோது நாடே ஜெயிக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். தெரிந்திருந்தாலும் அந்தச் சத்தம் அதே சத்தம்தான்.

நேற்று இரவு மகளிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். முழுதும் படித்தாள். "கடைசி நிமிடம் எனக்குத் தெரியும் அப்பா, நான் எத்தனையோ தடவை வீடியோவில் பார்த்துவிட்டேன்" என்றாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு.

வாத்தியார் சார், உங்களுக்கு ஒரு விஷயம். அந்த ராத்திரிக்கு ஈடாக அடுத்த மாதமே அவளுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் அது தேய்ந்து இன்னொன்று வாங்கினேன், அதே கடை, அதே பந்து. உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். காற்றடிக்கும் துவாரத்துக்குப் பக்கத்தில், பாதி அழிந்து, ஏழு என்று போட்டிருக்கிறது.

ஓசூரில் ஆறாம் சைஸ் எங்கே கிடைக்கும் சார்?