முதல் ஷேவிங் சோப்: எதை வாங்கலாம்?

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். பழைய வீட்டைச் சுத்தம் செய்தபோது எங்கள் ஐயாவின் ரேசர் கிடைத்தது. பிடியைத் திருகினால் தலை இரண்டு கதவு மாதிரி திறக்கிறது, இன்னும் மக்கர் பண்ணவில்லை. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு பீங்கான் கிண்ணமும் வாங்கியாயிற்று. பிரஷ் செயற்கை முடிதான். பாக்கி சோப்.

சிக்கலே தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீர் சரியான உப்பு. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரையைத் திரிய வைத்துவிடுகின்றன. சும்மா ஒரு சோதனைக்குக் குளியல் சோப்பை பிரஷால் அடித்துப் பார்த்தேன். பெரிய பெரிய குமிழி. இரண்டே நிமிடத்தில் கன்னத்தில் காய்ந்து வெள்ளைப் பொருக்கு. வளவு முற்றத்தில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் அதே சோப் தயிர் மாதிரி நின்றது! ஆனால் அதைத் தினமும் என் தாடைக்குச் செலவழித்தால் அப்பத்தா சும்மா விடமாட்டார்கள்.

அப்புறம், கொழுப்பு விஷயம். அட்டையில் 'டாலோவேட்' என்று இருந்தால் மாடு, ஆட்டுக் கொழுப்பு என்கிறார்கள். அது நம் வீட்டுக்குள் வராது. தாவர எண்ணெயில் செய்ததுதான் வேண்டும். கழுத்தில் எரிச்சல் வரும், அதனால் மென்தால் வேண்டாம். 300 ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது.

உப்புத் தண்ணீரில் புழங்குகிறவர்கள் சொல்லுங்கள்: முகத்தில் நேரே தேய்க்கும் ஸ்டிக்கா, கிண்ணத்தில் வைத்து அடிக்கும் சோப்பா? பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் யாராவது நுரை அடித்துப் பார்த்திருக்கிறீர்களா?