பினாங்கு தண்ணீர்மலையில் சிக்னல் கோடு நிறைய, மெசேஜ் மட்டும் போகவில்லை: தைப்பூசத்தில் வீடியோவைக் கட்டுப்படுத்தலாமா?

ஜெலுத்தோங்வாசி:
தைப்பூசத்தன்று ஜாலான் உத்தாமா சாலையில் எங்கள் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மலையேறப் போன அம்மா கூட்டத்தில் தனியாகிவிட்டார். "கோயில் வாசலில் நிற்கிறேன்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் நாற்பது நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. லைன் கோடு முழுசாக இருந்தது! 'அன்லிமிடெட்' என்று மாதாமாதம் பணம் வாங்குகிறார்களே, இதற்கு என்ன பதில்?

டவர்க்காரன்:
டவர் வேலைதான் என் பிழைப்பு. டவரின் குரல் உங்கள் கைப்பேசிக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் அந்தக் கோடு காட்டும். உங்கள் முறை எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது. ஒரு செல்லின், அதாவது டவரின் ஓர் ஆண்டெனா பார்த்துக்கொள்ளும் பரப்பின், அலைவரிசையை அங்கே நிற்கும் அத்தனை பேரும் பங்கு போட வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் அப்லோடுதான் பெரிய தொல்லை. டவர் பல பத்து வாட்டில் பேசும். கைப்பேசியின் உச்சம் சுமார் 0.2 வாட். அந்த மெல்லிய குரலில் ஆயிரக்கணக்கானோர் காவடியை லைவ் விட்டால் அம்மாவின் ஒற்றை வரி எங்கே நுழையும்? திருவிழா நாட்களில் வீடியோ தரத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஆயிர் ஈத்தாம் அக்கா:
எனக்கு உடன்பாடில்லை தம்பி. என் மகனுக்குக் காது கேட்காது, கையசைவில்தான் பேசுவான். அவனுக்கு வீடியோ கால்தான் போன் கால். அன்று 513 படிக்கு மேலே இருந்து கூப்பிட்டான். படம் உறைந்து உறைந்து வந்தது, விரல் எது, உள்ளங்கை எது என்றே தெரியவில்லை. எது அவசியம், எது வேடிக்கை என்று கம்பெனி எப்படிப் பிரிக்கும்?

டவர்க்காரன்:
அக்கா, இதை நான் யோசிக்கவில்லை. சரி, வகை பார்க்க வேண்டாம். நெரிசலில் ஆளுக்குச் சம பங்கு. அந்த மணி நேரத்தில் ஏற்கெனவே நிறைய இழுத்தவர் பின்னால் நிற்கட்டும்.

ஜெலுத்தோங்வாசி:
பங்கு போடுவது அப்புறம். முதலில் சோற்றைக் கூட்டச் சொல்லுங்கள். லாரியில் டவர் வருமே?

டவர்க்காரன்:
வரும். ஆனால் அதே அலைவரிசையில் பக்கத்திலேயே நிறுத்தினால் இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல். லாரிக்குப் போதுமான ஃபைபர் இழுக்காவிட்டால் நெரிசல் அங்கே போய் நிற்கும்.

பட்டர்வொர்த் மாணவி:
இதை ஏற்க மாட்டேன் அண்ணே. ஸ்டேடியங்களில் குறுகலாகப் பார்க்கும் ஆண்டெனாக்களால் கூட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். இங்கே பந்தல்கள் சாலையோரமாக வரிசையில் நிற்கின்றன. விளக்குக் கம்பங்களில் கீழ்நோக்கிச் சின்னச் சின்ன செல்கள், அதாவது குட்டி டவர்கள், கட்டலாம். பூசத் தேதி பல மாதம் முன்பே நாள்காட்டியில் இருக்கிறது, தயாராக நேரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

டவர்க்காரன்:
கட்டட்டும், நான் தடுக்கவில்லை. எத்தனை கட்டினாலும் ரதம் வந்து தேங்காய் உடைபடும் நேரத்தில் எல்லாரும் ஒன்றாகக் கைப்பேசியைத் தூக்குவார்கள். அப்போது யாராவது காத்திருக்கத்தான் வேண்டும். அது ஒற்றை வரி மெசேஜாக இருக்கக் கூடாது.

ஜெலுத்தோங்வாசி:
அப்படியானால் நெரிசலில் இவ்வளவுதான் கிடைக்கும் என்று விற்கும்போதே எழுதித் தரட்டும். அதுவரை எனக்குச் சமாதானம் இல்லை. எங்கள் பந்தலுக்கு எதிர்க்கடையில் ஃபைபர் இருக்கிறது. அடுத்த வருடம் மோர்ப் பானை பக்கத்தில் ஒரு வைஃபை பெட்டி வைக்கக் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.

ஆயிர் ஈத்தாம் அக்கா:
பாஸ்வேர்டைப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள் தம்பி. மகனை அங்கே வந்து பேசச் சொல்கிறேன்.