மலை இறங்குற மீன் வண்டிக்கு எக்ஸாஸ்ட் பிரேக்: போட்டவங்க, போடாதவங்க அனுபவம்

மண்டபம் மீன்வண்டி:

நம்ம ராமநாதபுரம் சீமையில மேடுன்னா பாம்பன் பாலத்தை விட்டா வேற இல்ல. இங்கயே சுத்துற வண்டிக்கு இந்தப் பேச்சே வேண்டாம். நான் சொல்றது கேரளா லோடு அடிக்கிறவங்களுக்கு. ஜூன் 14ஓட நமக்கு மீன்பிடித் தடைக்காலம் முடியுது. அந்த நேரம் பாத்து அங்க விசைப்படகுக்குத் தடை, ஜூலை 31 வரைக்கும். மீனுக்கு ஆலாப் பறப்பாங்க. மழையும் அப்பத்தான் வெளுத்து வாங்கும்.

குமுளி ஏறிப் போறவங்களுக்குத் தெரியும், குட்டிக்கானத்துல இருந்து முண்டக்கயம் வரை ஒரே இறக்கம். ஐஸும் மீனுமா ஏத்திக்கிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிச்சா, கீழ போறதுக்குள்ள பிரேக் லைனர் கருகுற வாடை மீன் வாடையையே அமுக்கிடும். அதுக்கப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும் பாருங்க, அந்த நேரம் ஒருத்தனுக்கும் வரக்கூடாது.

எனக்கு வந்துச்சு. அடுத்த தடைக்காலத்துல பட்டறையில விட்டு எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டுனேன். வண்டி பழைய பி.எஸ்.3 (புகைக் கட்டுப்பாட்டுல பழைய தரம்). டர்போ தாண்டி வர்ற குழாயை அறுத்து, நடுவுல ஒரு தகட்டு வால்வு. பட்டனைப் போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா தகடு மூடிக்கும். புகை வெளிய போக வழியில்லாம பிஸ்டன் அதை முட்டித் தள்ளணும், அந்தப் பாடுதான் பிரேக்கு. மடி வலையை இறக்குன விசைப்படகு மாதிரி வண்டி தானா அடங்கி வரும். நிறுத்துறதுக்கு எப்பவும் கால் பிரேக்தான், அதுல குழப்பிக்கக் கூடாது. ஆனா வளைவுக்கு வர்றப்ப அந்தக் கால் பிரேக் சூடாகாம இருக்கும்.

ஒண்ணு கவனிச்சேன். திரும்பி வர்றப்ப காலிப் பெட்டி, லோயர்கேம்ப் இறக்கம், ரோடெல்லாம் ஈரம். பட்டனைப் போட்டதும் பின்பக்கம் லேசா வழுக்குச்சு. இது பிடிக்கிறது பின் சக்கரத்தை மட்டுந்தானே, அதுல கனமும் இல்ல. காலி வண்டி, மழைன்னா இப்ப நான் பட்டன் பக்கமே போறதில்ல.

தொண்டி டிரைவர்:

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஆரியங்காவு மலைப்பாதை வழியா வருசக்கணக்கா ஓட்டுறேன், இது எதுவும் போடல. எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்குன்னு எனக்கு வண்டி பழக்குனவர் சொன்னாரு, அது போதும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு இறங்குறான் பாருங்க, அவனுக்கு எதைப் போட்டும் பிரயோஜனம் இல்ல.

அப்புறம் நம்ம ஆளுங்க பிரேக் ஆயிலை மாத்துறதே இல்லையே. நிறையுற அளவுக்கு ஊத்திட்டுப் போயிடுவான். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற சாமான், நம்ம கடற்கரையில கேக்கவே வேண்டாம். டாட் 3ங்கிற ரக பிரேக் ஆயில் புதுசுல 205 டிகிரியிலதான் கொதிக்கும். ஈரம் குடிச்சதுன்னா 140லயே கொதிச்சுடும். கொதிச்சா உள்ள ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். அண்ணன் சொன்ன பஞ்சு பெடலுக்கு அதுவாக்கூட இருக்கலாம்.

கீழக்கரை பட்டறை:

ரெண்டு பேர் சொல்றதும் சரி. ஆனா தம்பி, கியர்ல இறக்குறதுக்கு டீசல்ல ஒரு வரம்பு இருக்கு. பெட்ரோல் வண்டியில காலை எடுத்தா காத்து வர்ற வாசலே மூடிக்கும், இஞ்சின் இழுத்துப் பிடிக்கும். டீசல்ல அப்படி மூடுறது இல்ல, காத்து தாராளமா வந்து போகும், பிடி கம்மி. லோடு லாரிக்கு கம்பெனியிலயே எக்ஸாஸ்ட் பிரேக் வச்சுக் குடுக்கிறது அதுக்குத்தான்.

பிக்கப்ல, அதாவது சின்ன லோடு வண்டியில, மாட்டுறப்ப நான் பாக்குறது இது. தகட்டுல சின்ன ஓட்டை இருக்கணும். முழுசா அடைச்சா அழுத்தம் ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங்கையே மீறித் திறந்துடும், வால்வு பிஸ்டன்ல இடிச்சா இஞ்சின் காலி. லாரி ஸ்பிரிங்கும் பிக்கப் ஸ்பிரிங்கும் ஒண்ணு இல்ல. பழைய லாரியில கழட்டுன சாமானைக் கொண்டு வந்து மாட்டுங்க காக்கான்னு (எங்க ஊர்ல அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) கேப்பாங்க, நான் தொடமாட்டேன்.

லாரியில ஏர் டேங்க் இருக்கு, அதுல இயங்கும். பிக்கப்ல வேக்கம்தான் (பம்ப் காத்தை உறிஞ்சி உண்டாக்குற வெற்றிடம்), அதுவும் கால் பிரேக்கை லேசாக்குற பூஸ்டருக்குப் போற லைன்ல இருந்துதான் எடுக்கணும். அங்க பூஸ்டரோட ஒருவழி வால்வுக்கு அந்தப் பக்கம், பம்ப் பக்கமா ‘T’ இணைப்பு போட்டுப் பிரிக்கணும். பூஸ்டர் பக்கம் போட்டு ஓஸ் கிழிஞ்சா கால் பிரேக்கே கல்லாயிடும். கிளட்ச் பெடல்ல ஒரு சுவிட்ச், ஆக்சிலேட்டர்ல ஒண்ணு. எதை மிதிச்சாலும் தகடு திறந்துடணும். பிரேக் லைட்டுக்கும் ஒரு ரிலே இழுத்துடுவேன். இல்லன்னா பின்னால வர்றவனுக்கு நீங்க வேகம் குறைக்கிறதே தெரியாது.

தேவிபட்டினம் கருவாடு:

உப்பைப் பத்தி யாரும் சொல்லலையே! எங்க வண்டி போன தடைக்காலம் முழுக்க நின்னுச்சு. முதல் லோடு எடுத்தா வண்டி இழுக்கல, ஒரே கரும்புகை. டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு, இன்ஜெக்டர் கழட்டியாச்சு, ஒண்ணும் ஆகல. கடைசியில ஒரு பையன் கீழ படுத்துப் பாத்தான். தகடு பாதி மூடுன வாக்குல ஜாம் ஆகி நிக்குது. ஐஸ் பெட்டியோட வடிகால் ஓட்டை நேரா அந்த வால்வு மேலயே இருந்திருக்கு. மீன் தண்ணி சொட்டிச் சொட்டி, ஷாஃப்ட் புஷ்ஷைச் சுத்தி வெள்ளையா உப்பு பூத்து, அதுக்கடியில செதில் செதிலா துரு.

இப்ப வடிகாலுக்கு ஓஸ் மாட்டி பம்பருக்குப் பின்னால விட்டாச்சு. வண்டி நின்னாலும் வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பட்டனை நாலு தடவை அமுக்கி எடுப்பேன்.

கீழக்கரை பட்டறை:

நல்ல வேலை பண்ணுனீங்க. புஷ்ல சாதா கிரீஸ் வைக்காதீங்க, சூட்டுல கருகி அதுவே பிடிச்சுக்கும். கிராஃபைட் போடுங்க.

திருப்புல்லாணி புதுவண்டி:

என்னோடது 2021 மாடல். போடலாமா காக்கா?

கீழக்கரை பட்டறை:

வேண்டாம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்ததெல்லாம் பி.எஸ்.6. சைலன்சர் வழி முழுக்க ஃபில்டரும் சென்சாரும். நடுவுல அறுத்தா டேஷ்போர்டுல எச்சரிக்கை லைட் எரியும், வாரன்டி போகும். பழைய வண்டியா இருந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் கை வைக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுல, கம்பெனி குடுத்ததை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு இருக்கு.

திருப்புல்லாணி புதுவண்டி:

அப்ப தம்பி சொன்ன மாதிரி பிரேக் ஆயிலை மாத்தி, லைனரைப் பாத்துட்டு, சின்ன கியர்லயே இறங்கிக்கிறேன். உள்ள டாட் 3 இருக்கு. டாட் 4 ஊத்தலாமா?

கீழக்கரை பட்டறை:

தாராளமா. அது 230 வரைக்கும் தாங்கும். பழசை முழுசா வெளிய விட்டு நாலு வீல்லயும் ஏர் எடுத்துடுங்க. கடையில டாட் 5ன்னு குடுத்தா மட்டும் வாங்காதீங்க, அது சிலிக்கான் ஆயில், இதோட சேராது.