கூடாரத்துக்குள் ஈரம், முதுகில் குளிர், எரியாத அடுப்பு: இன்று இரவுக்குள் உதவி தேவை

பாசிர் ரிஸ் கூடாரம் (ட்வைசல், ஏப்ரல் 24, காலை 10.40)

வணக்கம். நானும் என் கணவரும் நியூசிலாந்தின் தென் தீவில் வாடகைக் காரில் கூடாரத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறோம். கல்யாணமாகிப் பத்து ஆண்டுகள் ஆனதற்காக நாங்களே எங்களுக்குக் கொடுத்துக்கொண்ட பயணம் இது. மூன்று தேசியப் பூங்காக்களைப் பார்ப்பது திட்டம்: முதலில் மவுண்ட் குக், பிறகு வானாக்காவில் தங்கி மவுண்ட் ஆஸ்பைரிங், கடைசியாக ஃபியோர்ட்லேண்ட்.

மவுண்ட் குக் அடிவாரத்தில் வைட் ஹார்ஸ் ஹில் முகாமில் இரண்டு இரவுகள் இருந்தோம். எதிரே செஃப்டன் சிகரத்திலிருந்து பனிக்கட்டி சரிந்து விழும் ஓசை நடு இரவிலும் கேட்டது. அந்த ஓசைக்காகவே திரும்பிப் போகலாம். ஆனால் இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. பிரச்சினைகள் மூன்று.

விடியும்போது கூடாரத்தின் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள். மழை இல்லை. கை பட்டால் முகத்தில் சொட்டுகிறது. உறக்கப்பையின் கால்மாட்டுப் பகுதி நனைந்துவிட்டது.

இரண்டாவது, குளிர். மேலே போர்த்தியிருந்தும் முதுகும் இடுப்பும் ஐஸ் கட்டியில் படுத்ததுபோல் இருந்தன. என் கணவர் ஓரளவு தூங்கினார்; நான் விடிய விடிய நடுங்கினேன். நேற்று இரவு மூன்று மணிக்குக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டோம்.

மூன்றாவது, அடுப்பு. நீளமான குப்பி போட்டுச் சமைக்கும் சிறிய எரிவாயு அடுப்பு. மாலையில் நன்றாக எரிந்தது, காலையில் சுடர் நீலமாகச் சுருங்கி அணைந்துவிட்டது. குப்பியை ஆட்டினால் உள்ளே பாதிக்கு மேல் இருக்கிறது.

இதே கூடாரத்தைச் சிங்கப்பூரில், எங்கள் பாசிர் ரிஸ் பூங்காவில் அனுமதி வாங்கி இரண்டு முறை போட்டுப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. மீதி இரவுகளை விடுதிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் இவர். எனக்கு மனம் வரவில்லை. என்ன தவறு செய்தோம் என்று யாராவது சொல்லுங்கள். இப்போது ட்வைசல் ஊரில் இருக்கிறோம், மதியம் வானாக்காவுக்குக் கிளம்புகிறோம்.

ஈசூன் அக்கா (சிங்கப்பூர் நேரம் காலை 7.05)

அங்கே நம்மைவிட நான்கு மணி நேரம் முன்னால் என்பதால் சுருக்கமாகக் கேட்கிறேன், உடனே பதில் போடுங்கள். எதன் மேல் படுக்கிறீர்கள்? உறக்கப்பையின் துணிச்சீட்டில் என்னென்ன எண்கள் இருக்கின்றன? இரவில் கூடாரத்தின் காற்றுத் துளைகளை மூடினீர்களா? தேநீர் எங்கே போட்டீர்கள்?

பாசிர் ரிஸ் கூடாரம் (காலை 11.20)

படுப்பது காற்று மெத்தையில். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் விரிப்போமே, அதேதான். காற்றடித்தால் ஒரு சாண் உயரம் வரும்.

சீட்டில் மூன்று எண்கள்: 8, 3, மைனஸ் 11. கடையில் மைனஸ் 11 வரை தாங்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நேற்று காலை கார் காட்டிய வெப்பநிலை மைனஸ் 2.

துளைகள், கதவு எல்லாவற்றையும் இறுக்க மூடினோம். குளிர் உள்ளே வராமலிருக்க வேறென்ன செய்வது? காற்று பலமாக இருந்ததால் தேநீரைக் கூடார வாசலில், வெளித்துணிக்கு உள்ளேயே போட்டோம். நனைந்த காலுறைகளையும் துண்டையும் உள்ளே கயிறு கட்டிக் காயப்போட்டோம்.

பழைய பீரங்கிப்படையாள் (காலை 7.48)

தேசிய சேவையில் பீரங்கிப் படையில் இருந்தேன். நியூசிலாந்தின் வையூரூவில் பயிற்சிக்குப் போனபோது உங்களைப் போலவே நடுங்கியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன், உங்கள் கூடாரத்தில் பழுது எதுவும் இல்லை.

குளிரைப் பற்றி முதலில். உறக்கப்பை சூட்டைத் தருவதில்லை, உங்கள் உடம்பின் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதைப் பிடிப்பது பஞ்சுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் காற்று. நீங்கள் மேலே படுத்ததும் முதுகுக்கு அடியிலுள்ள பஞ்சு நசுங்கிவிடும். அந்தப் பக்கத்தில் பை இருந்தும் இல்லாத மாதிரிதான். அதற்குக் கீழே உங்கள் காற்று மெத்தை. அதன் உள்ளே ஒரு சாண் உயரத்துக்குக் காற்று தடையில்லாமல் சுழல்கிறது. முதுகுச் சூட்டை வாங்கி மண்ணுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து திரும்புகிறது. இரவு முழுக்க இதே வேலை. பாசிர் ரிஸ்ஸில் மண்ணே 26, 27 டிகிரியில் இருக்கும் என்பதால் இது தெரியவே தெரியாது.

அடுத்து அந்த மூன்று எண்கள். முதல் எண், வழக்கமான உடல்வாகுள்ள ஒரு பெண் இயல்பாகப் படுத்துத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, ஓர் ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு தாக்குப்பிடிக்கும் எல்லை. மூன்றாவது எண் தூக்கத்துக்கானதே அல்ல, உயிருக்கு ஆபத்து தொடங்கும் எல்லை. அதைக் காட்டிப் பையை விற்பது எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகிறது. உங்கள் கணக்கு 8-இலிருந்து தொடங்குகிறது சகோதரி. மைனஸ் 2-இல் நீங்கள் நடுங்கியதும் அவர் ஓரளவு தூங்கியதும் அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் உடம்பு பலவீனம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியது: மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரைப்பாய் இரண்டு வாங்குங்கள். சுருட்டிக் கட்டி விற்பார்கள், விலை அதிகமில்லை. பாய் மெத்தைக்கு மேலே, உங்கள் முதுகை ஒட்டி வர வேண்டும். அடியில் போட்டால் பாதிப் பயன்தான். கிடைக்காவிட்டால் பழைய பொருள் கடைகளில் கம்பளிப் போர்வை கேளுங்கள். ஒன்றை மடித்து அடியில் விரியுங்கள், ஒன்று மேலே.

முக்கியமாக, இன்றே வாங்கிவிடுங்கள். நாளை ஏப்ரல் 25, அங்கே ஆன்சாக் நினைவு நாள். பெரும்பாலான கடைகள் மதியம் ஒரு மணிக்குப் பிறகுதான் திறக்கும்.

தோ பாயோ வாசி (காலை 8.10)

நாங்கள் போனபோது தூங்குவதற்கு முன் அடுப்பைக் கூடாரத்துக்குள் பத்து நிமிடம் எரியவிட்டுச் சூடேற்றிக்கொண்டோம். நன்றாக இருந்தது. முயன்று பாருங்கள்.

ஈசூன் அக்கா (காலை 8.13)

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

நான் தாதியாக வேலை பார்க்கிறேன். மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் வரும்போது அசதி என்று நினைத்துப் படுத்துவிடுவோம்; எழுந்து வெளியே போக வேண்டும் என்ற புத்தியே அப்போது வேலை செய்யாது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி, அது நல்ல காலம். அடுத்தவருக்குச் சொல்லாதீர்கள்.

தங்கச்சி, காருக்குள் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு தூங்குவதும் கூடாது. வாசலில், வெளித்துணிக்கு உள்ளே தேநீர் போட்டதும் இனி வேண்டாம். காற்றடித்தால் காரின் மறைவில் வெளியே வைத்துப் போடுங்கள். முகாமில் கொட்டகை இருந்தால் அங்கே சமையுங்கள்.

தோ பாயோ வாசி (காலை 8.31)

எனக்கு இது தெரியாது அக்கா. என் பதிவை யாரும் பின்பற்ற வேண்டாம்.

கிளமெண்டி வேதியியல் (காலை 8.40)

பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஈரத்துக்கும் அடுப்புக்கும் நான் பதில் சொல்கிறேன்.

கூடாரத்துக்குள் வந்த தண்ணீர் உங்களுடையதுதான். இரண்டு பேர் தூங்கினால் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் ஆவியாக வெளியேறும். அதோடு ஈரத்துணி. அதோடு அடுப்பு: 100 கிராம் பியூட்டேன் எரிந்தால் சுமார் 150 கிராம் நீராவி பிறக்கும். இத்தனையையும் உள்ளே வைத்துக் கதவை மூடிவிட்டீர்கள். தெளிந்த வானமுள்ள இரவில் வெளித்துணி தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துச் சுற்றுக் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். சோறு வடித்த பானையின் மூடியில் நீர் கோப்பதுபோல் நீராவி அதில் போய்ப் படிகிறது.

ஆகவே துளைகளைத் திறந்தே வையுங்கள், குளிர் எவ்வளவு இருந்தாலும். கதவின் மேல் ஜிப்பையும் ஒரு கையளவு திறந்து விடுங்கள். உள்ளே வரும் காற்று குளிர்ந்தது, ஆனால் உலர்ந்தது. நனைந்த பை உலர்ந்த பையைவிட மோசமாகக் குளிரும் என்பதால் இந்தப் பேரம் உங்களுக்கு லாபம். தலையைப் பைக்குள் இழுத்து மூச்சு விடாதீர்கள், கம்பளிக் குல்லாய் போட்டு முகத்தை வெளியே வையுங்கள். ஈரத் துணி காரில் இருக்கட்டும். காலையில் உட்புறத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, மதியம் எங்காவது வெயிலில் நிறுத்தி உறக்கப்பையைக் காரின் மேல் விரியுங்கள்.

அடுப்பு கெடவில்லை. குப்பியில் இருப்பது திரவ பியூட்டேன். அது ஆவியானால்தான் எரியும். சாதாரண பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. அதற்குக் கீழே போனால் குப்பிக்குள் திரவமாகவே கிடக்கும், வெளியே தள்ள அழுத்தம் இருக்காது. எரியும்போது குப்பி தானாகவும் குளிரும், அதனால் 4, 5 டிகிரியிலேயே சுடர் தளரத் தொடங்கும். நம் ஊரில் மேசையில் சூப்பைக் கொதிக்கவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட்டுக்கு இந்தக் குப்பிதான், அங்கே இது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

இன்று இரவு ஒரு குப்பியை அடுப்பிலிருந்து கழற்றி, மூடி போட்டு, உறக்கப்பையின் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் உடம்புச் சூட்டிலேயே எரியும். குப்பியைத் தீயில் காட்டுவதோ கொதிநீரில் வைப்பதோ கூடவே கூடாது, வெடிக்கும். அடிக்கடி மலைக்குப் போகப்போகிறீர்கள் என்றால் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திருகுக் குப்பிக்கு மாறுங்கள். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வாக்கில் கொதிக்கும், புரொப்பேன் மைனஸ் 42-இல். ஆனால் அதற்கு வேறு அடுப்பு வேண்டும்.

ஈசூன் அக்கா (காலை 8.58)

ஒன்று விட்டுப்போனது. அங்கே மருந்துக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் ரப்பர் வெந்நீர்ப் பை கிடைக்கும். ஒன்று வாங்கி, படுப்பதற்கு அரை மணி முன் தொடைகளுக்கு நடுவில் வரும்படி பைக்குள் போடுங்கள். உறை இல்லாமல் தோலில் படக்கூடாது. சாப்பாட்டில் நெய்யோ வேர்க்கடலை வெண்ணெயோ தாராளமாக இருக்கட்டும். பகலில் நடந்த உடையோடு படுக்காதீர்கள், வியர்வை ஈரம் அதில் இருக்கும். இரவில் சிறுநீர் வந்தால் குளிருக்குப் பயந்து அடக்காமல் போய்விட்டு வாருங்கள்.

பழைய பீரங்கிப்படையாள் (காலை 9.15)

வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடினமான இரவுகளை நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மவுண்ட் குக் முகாம் 700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வானாக்கா ஏரிக்கரை 300 மீட்டரைத் தொடாது. வழியில் வரும் லிண்டிஸ் கணவாய் 971 மீட்டர். மதியமே தாண்டிவிடுங்கள், மாலையில் நிழல் விழும் வளைவுகளில் பனி உறையும்.

எங்கும் கூடாரத்தைப் பள்ளத்தின் அடியில் போடாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போல் ஓடித் தாழ்விடத்தில் தேங்கும். பத்து மீட்டர் மேலே, மரங்களுக்கு ஓரமாகப் போட்டாலே வேறுபாடு தெரியும்.

ஃபியோர்ட்லேண்ட் போகும்போது டே அனா ஊரில் பெட்ரோலை முழுக்க நிரப்புங்கள். அங்கிருந்து மில்ஃபோர்டு சுமார் 120 கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் கைப்பேசிக்குத் தொடர்பு பெரும்பாலும் இருக்காது. சாலை ஹோமர் சுரங்கம் வழியாகப் போகும், 945 மீட்டர் உயரம். இந்தப் பருவத்தில் அங்கே பனி விழலாம், காலையில் சாலை நிலவரம் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சிங்கப்பூரைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். சுரங்க வாசலில் கியா கிளிகள் வரும். அழகான பறவைகள், ஆனால் காரின் ரப்பரையும் கூடாரத் துணியையும் கிழித்துவிடும். தீனி போட்டுப் பழக்காதீர்கள், அவற்றுக்கும் கெடுதல்.

பாசிர் ரிஸ் கூடாரம் (ட்வைசல், பிற்பகல் 1.50)

எல்லோருக்கும் நன்றி. நுரைப்பாய் ஒன்றுதான் கிடைத்தது, அதை எனக்கென்று இவர் எடுத்து வைத்துவிட்டார். கம்பளிப் போர்வை இரண்டு, வெந்நீர்ப் பை ஒன்று. கிளம்புகிறோம்.

பாசிர் ரிஸ் கூடாரம் (டே அனா, ஏப்ரல் 27, மாலை 4.15)

தொடர்பு கிடைத்ததும் முதலில் இங்கேதான் வந்தேன்.

வானாக்காவில் இரண்டு இரவுகள், 4 டிகிரி வரை இறங்கியது. இரண்டு நாளும் தூங்கினேன். அது தாழ்விடம் என்பதால் எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. நேற்று மில்ஃபோர்டு போகும் வழியில் எக்ளிண்டன் பள்ளத்தாக்கு முகாமில்தான் உண்மையான சோதனை. பீரங்கிப்படை அண்ணா சொன்னபடி புல்வெளி நடுவே போடாமல் பீச் (beech) மரங்களின் ஓரத்தில், கொஞ்சம் மேடான இடத்தில் போட்டோம். துளைகள் திறந்தே இருந்தன. முதல் அரை மணி நேரம் மூக்கு நுனி சில்லென்றிருந்தது, பிறகு நினைவில்லை. ஐந்தரைக்கு விழித்தபோது கார் கண்ணாடி முழுக்க உறைபனி. புல்வெளி நடுவே படுத்திருந்தவர்களின் கூடாரம் வெள்ளையாக விறைத்து நின்றது. எங்கள் வெளித்துணியில் கொஞ்சம் ஈரம் இருந்தது, உள்ளே சொட்டவில்லை. என் முதுகு வெதுவெதுப்பாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னேன், இவர் சிரித்தார்.

கால்மாட்டில் வைத்த குப்பி முதல் தட்டிலேயே எரிந்தது. கொட்டகையில் இஞ்சித் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு மில்ஃபோர்டு போனோம். பாறைச் சுவர்கள் முழுக்க மழை அருவியாக இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை அருவி என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டோம்.

இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. மணல் ஈக்கள் கணுக்காலைக் கடித்துக் குதறிவிட்டன, வீங்கியிருக்கிறது. திறக்காத குப்பி இரண்டு இருக்கின்றன, பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவரலாமா?

ஈசூன் அக்கா (பிற்பகல் 12.40)

மனம் நிறைந்தது தங்கச்சி. கடித்த இடத்தைச் சொறியாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவி ஈரத்துணியை வைத்து ஒற்றுங்கள். அரிப்புக்கு மருந்துக் கடையில் மாத்திரை கேளுங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இனி கணுக்கால் மூடும் காலுறை.

கிளமெண்டி வேதியியல் (பிற்பகல் 12.52)

குப்பியை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் முடியாது. கடைசி முகாமில் பொறுப்பாளரிடம் கேட்டு, அடுத்து வருபவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அடுப்பைத் துடைத்து, வாயு வாசம் இல்லாமல் காற்றாடவிட்டுக் கட்டுங்கள்.

பாசிர் ரிஸ் கூடாரம் (மாலை 5.10)

பக்கத்துக் கூடாரத்தில் மலேசியாவிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள், நாளை மவுண்ட் குக் போகிறார்களாம். அவர்களிடமும் காற்று மெத்தைதான். குப்பிகளோடு கம்பளிப் போர்வைகளையும் அவர்களுக்கே கொடுக்கப் போகிறோம். நுரைப்பாய் மட்டும் என்னோடு பாசிர் ரிஸ் வருகிறது.