பள்ளிப் பெண்களிடம் பேட்டி எடுக்கவும் எத்திக்ஸ் கமிட்டியா?

காவிரிக்கரை:
கல்வியியலில் பிஎச்.டி. செய்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மாதவிடாய் நாட்களில் பள்ளிக்கு வராமல் போவது ஏன் என்பதுதான் தலைப்பு. சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸில் அனுமதிக் கடிதம் வாங்கியாயிற்று, எச்.எம்.களும் சரி என்றுவிட்டார்கள், கேள்வித்தாளும் தயார். இப்போது போய் கைடு, எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வுக்கு உட்படுகிறவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழு) அனுமதி இல்லாமல் பள்ளிக்குள் கால் வைக்காதே, நாளைக்கு ஜர்னலில் அனுமதி எண் கேட்பார்கள் என்கிறார். எங்கள் கல்லூரியில் அப்படியொரு கமிட்டியே கிடையாது. ஒரு மருத்துவக் கல்லூரியில் படிவம் வாங்கிப் பார்த்தால் மருந்தின் அளவு என்ன, பக்க விளைவு வந்தால் இழப்பீடு யார் தருவார்கள் என்று கேட்கிறது. நான் ஊசி போடப் போகவில்லை, பேசத்தான் போகிறேன். கல்வித்துறையே அனுமதி கொடுத்த பிறகு இது எதற்கு?

நடுப்பக்கம்:
எதற்கும் இல்லை, கல்லூரியின் தலை தப்பிக்க. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உயிர்மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கானது. யாரோ மருந்துக் கம்பெனி செய்த அட்டூழியத்துக்குச் சமூகவியல் படிக்கிறவன் ஏன் படிவம் நிரப்ப வேண்டும்? இதே கேள்வியை ஒரு பத்திரிகை நிருபர் பள்ளி வாசலில் நின்று கேட்டு அடுத்த வாரமே அச்சில் போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. கருத்துத் திருட்டுக்கு யூஜிசி 2018இல் தனி விதிமுறையே போட்டது, 10 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் என்ன தண்டனை என்று படிப்படியாக எழுதி வைத்திருக்கிறது. கலைத்துறை ஆய்வுகளுக்கு அப்படி ஒன்றைக் காட்டுங்கள், நானும் வரிசையில் நிற்கிறேன்.

மருந்துச்சீட்டு:
நான் மருந்தியல் துறை, ஒரு கமிட்டியில் மெம்பர் செக்ரட்டரி. இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த சி.இ.ஓ. கடிதம். அது பள்ளிக்குள் நுழைய அனுமதி, அவ்வளவுதான். அந்தப் பெண் சம்மதித்தாள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் (இன்றைக்குத் தெலங்கானா) 10 முதல் 14 வயதுப் பெண்களுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள், பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய திட்டம். நிறையப் பேர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து இருந்தது. அதுவும் ஒன்றிரண்டு படிவத்தில் இல்லை, ஆயிரக்கணக்கில். 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள், 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கிழித்துத் தொங்கவிட்டது. அங்கே இறந்த பெண்களின் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சம்மதம் என்ற பெயரில் நடந்த கூத்து மாறாது. உங்கள் எச்.எம்.மும் அந்தக் காப்பாளரும் இருக்கும் இடம் ஒன்றுதான்.

அடுத்து, மாதவிடாய் சுகாதாரம் சம்பந்தப்பட்டதா இல்லையா? அதே 2017 வழிகாட்டுதலில் சுகாதாரம் சார்ந்த சமூக, நடத்தை ஆய்வுகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது, நடுப்பக்கம் சார். அட்டையோடு நிறுத்திவிட்டீர்கள் போல.

நடுப்பக்கம்:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். கம்மத்தில் கமிட்டி ஒப்புதல் இல்லாமலா ஊசி போட்டார்கள்? ஒப்புதல் இருந்தது. அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்களே, 1932இலிருந்து 1972 வரை சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தது. அதில் 1969இல் நடந்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. எதிர்ப்புக் குரல் வந்ததும் நிபுணர் குழு ஒன்றைக் கூட்டினார்கள், குழு உட்கார்ந்து ஆலோசித்து ஆய்வைத் தொடரலாம் என்று முடிவு செய்தது! கடைசியில் நிறுத்தியது உள்ளேயிருந்து செய்தியை வெளியே கொண்டுபோன பீட்டர் பக்ஸ்டனும் அதை அச்சிட்ட பத்திரிகைகளும். நான் நிருபரை ஏன் இழுத்தேன் என்று இப்போது புரிகிறதா?

மருந்துச்சீட்டு:
அந்த 1969 குழுவில் இருந்தவர்கள் அநேகமாக எல்லாருமே மருத்துவர்கள். அதனால்தான் இப்போது தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும், சட்டம் தெரிந்தவர் ஒருவர், சாமானியர் ஒருவர் கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். 7 முதல் 15 பேர், குறைந்தது ஐந்து பேர் உட்காராமல் முடிவெடுக்க முடியாது.

நடுப்பக்கம்:
அந்த சாமானியர் யார்? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இல்லாவிட்டால் டீனுக்குத் தெரிந்த ரோட்டரி ஆள். கூட்டத்தில் வாய் திறந்து பார்த்ததுண்டா?

தாழ்வாரம்:
சமூகப்பணித் துறையில் பாடம் எடுக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் அமெரிக்கா வரைக்கும் போய்விட்டீர்கள், கேள்வி கேட்ட பெண் நடுவில் நிற்கிறார்.

காவிரிக்கரை, உங்கள் கேள்வித்தாளில் 'பள்ளிக்கு வராத நாட்களில் வீட்டில் என்ன செய்வாய்' என்று எப்படியும் ஒரு கேள்வி இருக்கும். ஒரு பிள்ளை மாமா வீட்டுக்கு அனுப்புவார்கள், அங்கே போகவே பிடிக்காது என்று சொல்லி அழ ஆரம்பிக்கிறது, விஷயம் வெளியே வருகிறது. இல்லையென்றால் அடுத்த மாதம் கல்யாணம் என்கிறது. என்ன செய்வீர்கள்? ஒப்புதல் படிவத்தில் 'நீ சொல்வது எதுவும் யாருக்கும் தெரியாது' என்று எழுதியிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் காப்பி பேஸ்ட் செய்கிறார்கள். போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. ஆய்வாளருக்கு விதிவிலக்கு கிடையாது. ஆக, அந்த ஒரு வரி பொய்யான வாக்குறுதி. படிவம் நிரப்பும்போது யாராவது இதைக் கேட்டால்தான் களத்துக்குப் போகும் முன்னால் யோசிப்போம். அழுகிற பிள்ளையை எந்தக் கவுன்சிலரிடம் அனுப்புவது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் போன் செய்வது, இதெல்லாம் அன்றைக்கு வராண்டாவில் நின்று முடிவு செய்யும் விஷயமா?

காவிரிக்கரை:
மேடம், கவுன்சிலர் விஷயம் நான் யோசிக்காதது, பேசி வைக்கிறேன். ஆனால் படிவத்திலேயே 'சில விஷயம் சொன்னால் போலீசுக்குப் போகும்' என்று போட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? இன்னொன்று, 12 வயதுக்கு மேல் பிள்ளையின் எழுத்துச் சம்மதமும் வேண்டும், பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். வீட்டில் உட்கார வைக்கிறதே அந்த அப்பாதான். அவரிடம் போய், உங்கள் மகளிடம் மாதவிடாய் பற்றிப் பேசப் போகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றால், போடுகிற அப்பாக்களின் பிள்ளைகள் மட்டும்தான் என் ஆய்வுக்குள் வருவார்கள். யாரைத் தேடிப் போனேனோ அவர்கள் வெளியே நிற்பார்கள்.

நடுப்பக்கம்:
இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன். பாதுகாப்பு என்ற பெயரில், ரொம்பப் பாதிக்கப்பட்டவர்களைத்தான் முதலில் வடிகட்டுகிறது. சாதி, காதல் கல்யாணம், போலீஸ் அடி என்று தலைப்பு வைத்துப் பாருங்கள், 'சென்சிட்டிவ்' என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்புவார்கள்.

தாழ்வாரம்:
அப்பா கையெழுத்துதான் வேண்டும் என்று யார் சொன்னது? அம்மா போடலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அம்மாக்கள்தான் வருவார்கள், அங்கே படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்பார்கள், நன்றாகவே கேட்பார்கள். போலீஸ் விஷயத்தையும் பயமுறுத்தாமல் சொல்லலாம்: 'உனக்கு யாராவது கெடுதல் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அதை மட்டும் என்னால் மறைக்க முடியாது, உனக்கு உதவக்கூடியவர்களிடம் சொல்லுவேன்.' பிள்ளைகளுக்கு இது புரியும். அதற்குப் பிறகும் பேசுகிறவர்கள் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து பேசுவார்கள். பேசாமல் எழுந்து போனால் அது அவர்கள் உரிமை, உங்கள் சாம்பிள் எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

மருந்துச்சீட்டு:
நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் கல்லூரியில் கமிட்டி இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் கமிட்டியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அனுப்பலாம், வழிகாட்டுதலிலேயே அதற்கு இடம் உண்டு. மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் நைதிக் இணையதளத்தில் பதிவு செய்த கமிட்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து, இழப்பீடு என்று வருகிற இடங்களில் 'பொருந்தாது' என்று எழுதினால் போதும். பெரியவர்களிடம் எடுக்கும் சாதாரண சர்வே என்றால் முழுக் கூட்டம் கூடாமல் விரைவுப் பரிசீலனையில் முடிந்துவிடும். உங்களுடையது சிறுவயதுப் பெண்கள், அதனால் முழுக் கூட்டத்துக்குப் போகும் என்றுதான் நினைக்கிறேன், கால தாமதத்துக்குத் தயாராக இருங்கள். ஆனால் தரவு எடுத்த பிறகு வராதீர்கள். முன்தேதியிட்டு யாரும் அனுமதி தர மாட்டார்கள், ஒவ்வொரு வருடமும் தீசிஸ் சமர்ப்பிக்கும் சமயத்தில் யாராவது வந்து வாசலில் நிற்பார்கள், பார்க்கப் பாவமாக இருக்கும்.

காவிரிக்கரை:
சரி, அனுப்புகிறேன். கோபம் குறையவில்லை. அம்மாக்கள் கூட்டம் நல்ல யோசனை, அடுத்த கூட்டம் எப்போது என்று எச்.எம்.மிடம் கேட்கிறேன். மருந்துச்சீட்டு சார், உங்கள் கமிட்டியில் சாமானியராகப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் ஓர் அம்மா இருக்கிறாரா?

மருந்துச்சீட்டு:
இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான்.

நடுப்பக்கம்:
😄 அனுமதி எண் வந்ததும் இங்கே சொல்லுங்கள் காவிரிக்கரை, எத்தனை கேள்வியை வெட்டினார்கள் என்பதையும் சேர்த்து.

மருந்துச்சீட்டு:
வெட்டினால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுக்க வேண்டியது கமிட்டியின் வேலை.