தென்னை ஏறும் கருவிக்குப் பேட்டன்ட் தேடிய கதை: நீங்கள் எந்தத் தளத்தில் தேடுகிறீர்கள்?

பொள்ளாச்சி லேத்:

வணக்கம். பொள்ளாச்சி பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் காய் போட ஆள் கிடைப்பது பெரும்பாடு. அதனால் இரண்டு வருடமாகத் தென்னை ஏறும் கருவி ஒன்றைச் செய்து கொண்டிருந்தேன். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். இரண்டிலும் மரத்தைச் சுற்றி வரும் எஃகுக் கயிறு. எடை விழும்போது கயிறு மரத்தை இறுகப் பிடிக்கும், எடையை எடுத்தால் தளரும். கேரளாவில் புழக்கத்தில் உள்ள, நின்றபடியே ஏறும் செம்பேரி மாடலைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் உட்கார்ந்து எழுந்தே ஏறுகிற மாதிரி மாற்றியிருந்தேன். இது என் சொந்த யோசனை என்றுதான் நம்பினேன்.

காப்புரிமை கேட்கலாம் என்று ஒரு ஆலோசகரிடம் போனேன். பணம் வாங்கிக் கொண்டு அரைப் பக்கத்தில் ஓர் அறிக்கை கொடுத்தார். 'இதைப் போல எதுவும் இல்லை' என்று இருந்தது. எந்தத் தளத்தில் தேடினார், என்ன சொல் போட்டுத் தேடினார் என்று ஒரு வரி கூட இல்லை. மனசு ஒப்பவில்லை. நானே உட்கார்ந்தேன்.

முதலில் கூகுள் பேட்டன்ட்ஸ். 'கோகனட் ட்ரீ கிளைம்பிங் டிவைஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். நிறைய வந்தது, என்னுடையதைப் போல ஒன்றுமில்லை. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் அதில் ஓர் ஆவணத்தைத் திறந்து, அது மேற்கோள் காட்டியிருந்த பழைய ஆவணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது தட்டில் ஒரு அமெரிக்கப் படம் வந்தது. மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், மரத்தைச் சுற்றி ஒரு பிடி. உட்கார்ந்து எழுந்து ஏறும் அதே முறை. மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் ஏறிக் காத்திருப்பதற்கான கருவி அது. அதில் 'தென்னை' இல்லை, 'ஏறும் கருவி' என்ற சொல்லும் இல்லை. அவர்கள் அதை 'ட்ரீ ஸ்டாண்ட்' என்கிறார்கள். 1970களிலேயே இதைப் போலப் பல வந்துவிட்டன. அன்று முழுக்க நான் மெஷினை ஓட்டவே இல்லை.

ஆறிய பிறகு எஸ்பாஸ்நெட்டுக்குப் போனேன். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் நடத்துவது, 1998இலிருந்து இருக்கிறது. அங்கே சொல்லை விட்டுவிட்டு வகைப்பாட்டு எண்ணைப் பிடித்தேன், அதாவது ஒரு கருவி எந்த வகை என்று ஆவணத்தில் போட்டிருக்கும் எண். சிபிசி என்று ஒரு முறை. ஐரோப்பிய அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் சேர்ந்து 2013இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. மரம், கம்பம் ஏறும் கருவிகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? ஏ63பி 27. அது உடற்பயிற்சி, நீச்சல், மலையேற்றத்துக்கான பிரிவு! வேட்டைக்காரர் மேடையோ ஏ01எம் 31/02, விலங்கு பிடிப்பவற்றோடு இருக்கிறது. தேங்காய் உரிக்கும் இயந்திரம் வேண்டுமென்றால் ஏ23என் 5. நான் விவசாயப் பிரிவிலேயே தேடியிருந்தால் ஆயுசுக்கும் கிடைத்திருக்காது. எண்ணைப் போட்டதும் மின்கம்பம் ஏறுபவர்களின் கருவி, பாக்கு மரம் ஏறுவது, ஜப்பான்காரர்கள் செய்தது என்று கொட்டியது.

எனக்கு இரண்டு கேள்வி. அந்தப் பழைய அமெரிக்க ஆவணங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா? இந்தியாவில் யாராவது இதே மாதிரி விண்ணப்பித்திருந்தால் எங்கே பார்ப்பது? உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கிண்டிக்காரி:

அண்ணா, நீங்கள் செய்ததுதான் சரியான தேடல். ஒரு நிறுவனத்தில் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பதும் இந்த மேற்கோள் வழியாகப் பின்னால் போவதைத்தான்.

முதல் கேள்விக்கு: அமெரிக்காவில் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. 1970களில் வந்தவை எல்லாம் எப்போதோ காலாவதி. அந்த முறையை நீங்கள் தாராளமாகச் செய்து விற்கலாம். ஆனால் அதே முறைக்குப் பேட்டன்ட் கேட்க முடியாது. காலாவதியானாலும் அது ஏற்கெனவே வெளியானதுதானே. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர்.

ஒரு எச்சரிக்கை. கூகுள் பேட்டன்ட்ஸில் 'ஆக்டிவ்', 'எக்ஸ்பயர்ட்' என்று போட்டிருப்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது ஊகம்தான், சட்ட முடிவு அல்ல என்று அவர்களே அங்கே எழுதியிருக்கிறார்கள். ஒருமுறை அங்கே உயிரோடு இருப்பதாகக் காட்டிய ஒன்று, அந்த நாட்டு அலுவலகப் பதிவேட்டில் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் செத்திருந்தது. அதை நம்பி எங்கள் ஆட்கள் வடிவமைப்பையே மாற்றத் தொடங்கிவிட்டார்கள். மூன்று வார வேலை வீண். அன்றிலிருந்து நிலை என்ன என்பதை அந்தந்த நாட்டுப் பதிவேட்டில்தான் பார்க்கிறேன்.

இந்தியாவுக்கு இன்பாஸ், நம் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம். 2015இல் வந்தது. தளம் அழகாக இருக்காது, ஒவ்வொரு முறையும் கேப்ச்சா கேட்கும், அடிக்கடி பொறுமையைச் சோதிக்கும். ஆனால் இந்திய விண்ணப்பத்தின் முழு விவரக்குறிப்பு, தேர்வு அறிக்கை, அதற்கு விண்ணப்பதாரர் கொடுத்த பதில் எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. அந்தத் தேர்வு அறிக்கைகளைப் படியுங்கள். உங்களைப் போன்ற கருவிக்கு அதிகாரி என்ன ஆட்சேபம் சொன்னார் என்பது அதில் இருக்கும். எந்தப் பாடப் புத்தகமும் தராத அறிவு அது. பொள்ளாச்சியிலிருந்து விண்ணப்பித்தால் கிண்டியில் உள்ள சென்னை அலுவலகத்துக்குத்தான் வரும். 2016 முதல் வரும் எண்களில் ஆண்டுக்கு அடுத்து 4 இருந்தால் அது சென்னை. கேரள விண்ணப்பங்களும் இங்கேதான் வரும் என்பதால் உங்கள் துறைக்கு இது முக்கியம். தளத்தில் 'தென்னை' என்று மட்டும் போடாமல் பாக்கு, பனை, கம்பம் என்று எல்லாம் போட்டுப் பாருங்கள்.

மருந்தியல் ஆசிரியர்:

என் அனுபவம் வேறு துறை. சித்த மருந்து சார்ந்த ஆய்வுக்கு வழிகாட்டுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டும் ஆவணம், கூகுள் பேட்டன்ட்ஸில் 5401504 என்ற அமெரிக்க எண். 1995 மார்ச்சில், மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அடிபட்ட இடத்தில் அப்பி விட்ட அதே மஞ்சள். நம் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் (சிஎஸ்ஐஆர்) பழைய நூல்களை எடுத்து வைத்து எதிர்த்தது, 1997இல் அது நிராகரிக்கப்பட்டது. அந்த விண்ணப்பத்தைப் பரிசீலித்த அமெரிக்க அதிகாரியின் தேடலில் அந்த நூல்கள் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு 2001இல் இப்படிப்பட்ட நூல்களில் உள்ளதைத் திரட்டித் தரும் பாரம்பரிய அறிவு மின்னூலகம் வந்தது, அதில் சித்தமும் இருக்கிறது.

நாங்கள் அதிகம் புழங்குவது பேட்டன்ட்ஸ்கோப். உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் தளம். இலவசக் கணக்குத் தொடங்கி உள்ளே போனால் மூலக்கூறின் வடிவத்தை வரைந்தே தேடலாம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளின் பெயரே இல்லாமல் வேதிப் பெயரில் ஒளிந்திருந்த ஆவணங்களை ஒரு மாணவி அப்படித்தான் பிடித்தாள். பன்னாட்டு விண்ணப்பங்கள் வியாழக்கிழமைதோறும் அங்கே வெளியாகும், நாங்கள் வெள்ளி காலை உட்கார்ந்து பார்ப்போம். ஆய்வுக் கட்டுரையையும் பேட்டன்டையும் சேர்த்துப் பார்க்க தி லென்ஸ். ஒரு கட்டுரையை எந்தெந்தப் பேட்டன்ட் மேற்கோள் காட்டியது என்று அதில் தெரியும். ஆஸ்திரேலியாவின் காம்பியா என்ற லாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது.

நகோயா தமிழ்:

லேத் அண்ணனுக்கு ஜப்பான் ஆவணங்கள் வந்ததாகச் சொன்னதால் எழுதுகிறேன். வாகன உதிரிப்பாகத் துறையில் இருக்கிறேன். எஸ்பாஸ்நெட்டில் ஜப்பானிய ஆவணத்தின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். 'கொக்கி' என்பது ஓரிடத்தில் 'நகம்' என்று வரும். படங்களை முதலில் பாருங்கள், படத்தில் பாகங்களுக்குப் போட்டிருக்கும் எண்களை ஒப்பிட்டுப் பிறகு வாசகத்துக்கு வாருங்கள். ஜே-பிளாட்பேட் என்ற ஜப்பானிய அரசுத் தளத்துக்கு ஆங்கிலப் பக்கமும் உண்டு. அங்கே எஃப்-டெர்ம் என்று ஒரு தனி வகைப்பாடு. ஒரே கருவியை நோக்கம், பொருள், அமைப்பு என்று பல கோணத்தில் பிரித்திருப்பார்கள். கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு வேறெங்கும் கிடைக்காத ஒரு ஸ்பிரிங் பூட்டை இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தேன்.

ஈரோடு விவசாயி:

லேத் தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கருவியை எங்காவது கண்காட்சியில் வைத்தீர்களா, வீடியோ போட்டீர்களா? நான் களை எடுக்கும் கருவி ஒன்றைச் செய்து கண்காட்சியில் ஓட்டிக் காட்டினேன், வீடியோவும் போட்டேன். எட்டு மாதம் கழித்து விண்ணப்பிக்கப் போனபோது, என் வீடியோவே எனக்கு எதிராக நிற்கும் என்றார்கள். மத்திய அரசு அதற்கென்று அறிவித்த கண்காட்சிக்கு மட்டும்தான் விலக்கு உண்டாம். எந்தத் தளத்தில் தேடினாலும் என் கருவி வந்திருக்காது, ஆனால் அது வெளியாகிவிட்டது. அதே போல, விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் வரை வெளியே தெரியாது. சமீபத்தில் யாராவது போட்டிருந்தால் எந்தத் தளத்திலும் இருக்காது.

பொள்ளாச்சி லேத்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஈரோட்டு அண்ணா, நல்லவேளை, வீடியோ போடவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் இருவர் மட்டும் பார்த்திருக்கிறார்கள். அதையும் கிண்டித் தங்கையிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரம் இன்பாஸில் மூன்று இரவு உட்கார்ந்தேன். கேரளத்திலிருந்து வந்த இரண்டு விண்ணப்பங்களின் தேர்வு அறிக்கையைப் படித்தேன். இரண்டிலும் அதிகாரி அமெரிக்க வேட்டை மேடையைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஏறும் முறைக்கு நான் போயிருந்தால் என்னையும் அதைச் சொல்லியே திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் மரம் மேலே போகப் போகச் சிறுக்கும்போது கயிற்றின் நீளத்தைத் தானாகக் குறைக்கும் ஒரு பல்சக்கரப் பூட்டு என் கருவியில் இருக்கிறது. அது வேட்டை மேடையிலும் இல்லை, கேரள விண்ணப்பங்களிலும் இல்லை. ஏ63பி 27இல் மட்டும் இன்னும் நானூறு சொச்சம் ஆவணம் பார்க்க வேண்டியிருக்கிறது. தினம் இரவு முப்பது படம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். அதில் பூட்டு வரவில்லை என்றால் அதற்கு மட்டும் தற்காலிக விண்ணப்பம் போடப் போகிறேன். முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் அவகாசம் கிடைக்கும். நகோயா தம்பி, அந்த ஸ்பிரிங் பூட்டின் எண்ணைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?