அனுதினமும் தராசு: இந்தத் தம்பிக்கு என்ன சொல்வது?

ஸ்தோத்திரம். கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். போன ஞாயிறு பைபிளில் லூக்கா 9:23 படித்தோம். தம் பின்னால் வருகிறவனை இயேசு சிலுவையை எடுக்கச் சொல்லும் இடத்தில் மத்தேயு, மாற்கில் இல்லாத 'அனுதினமும்' என்ற சொல் லூக்காவில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லி முடித்தேன். வெளியே மழை. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஒரு தம்பி சொன்னான்: "அண்ணா, எனக்கு அனுதினமும் தராசுதான்."

தேயிலைக் கொழுந்து எடை போடும் வேலை அவனுக்கு. நல்ல வெயிலிலும் ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு 2 கிலோ கழிக்கச் சொல்கிறாராம் முதலாளி. மூட்டையோடு வரிசையில் நிற்பதில் அவன் சித்தியும் ஒருத்தி. வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

பைபிளில் வரி வசூலித்த லேவி, இயேசு கூப்பிட்டதும் ஆயத்துறையை விட்டு எழுந்து போனான். அதே வரித் தொழிலில் இருந்த சகேயுவிடம் வேலையை விடு என்று இயேசு சொன்னதாக இல்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவனே சொன்னான். இரண்டு பேர் வீட்டுக்கும் ஆண்டவர் போனார். இவனுக்கு எந்த வழி? "ஜெபம் பண்ணுப்பா" என்று அனுப்பிவிட்டேன். எனக்கே உறுத்துகிறது.

இப்படி மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்களோ, உள்ளேயே நின்று சமாளித்தவர்களோ இருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வசனம் மட்டும் போடாதீர்கள், அது என்னிடமே இருக்கிறது. வரும் ஞாயிறு அவன் வருவான்.